வெளுத்த மோதிரம்

இது ஒரு மோதிரம் காணாமல் போன கதை, கண்ணுகளா. வீடே தலைகீழாகத் தேடிய அந்த மோதிரம் அத்தனை நாளும் வீட்டுக்குள்ளேயே, எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. அதை ஒருத்தி மட்டும் அறிவாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவளைத் திட்ட உங்களுக்கு வாய் வரும். வரட்டும், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிற டீச்சர். கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. வீட்டில் மூன்று பேர்: டீச்சர், அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன், அவனைப் பெற்றவள். அந்த அம்மாளை டீச்சர் அத்தை என்று கூப்பிடுவாள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். அத்தை மருமகளை "டீச்சரம்மா" என்பாள். அதில் பாதி கிண்டல், பாதி பெருமை.

அத்தை தையற்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவள் மிஷின். டேப் அவள் கழுத்தில் கிடக்குமே தவிர, அதற்கு வேலை குறைவு. ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். யூனிபார்முக்கு வந்து நிற்கிற பையனை ஏற இறங்கப் பார்த்து, "என்னடா இது, போன தடவைக்கு இப்போ ரெண்டு இன்ச் வளர்ந்துட்டே! உங்க வீட்ல சோறு போடுறாங்களா, உரம் போடுறாங்களா?" என்பாள். அவன் அண்ணனுக்கு எப்போதோ தைத்த சட்டையின் கழுத்தளவைக்கூடத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வாள். அப்படி ஒரு ஞாபகம்.

அவள் விரலில் ஒரு மோதிரம். கல் இல்லை, வேலைப்பாடு இல்லை, வெறும் தங்க வளையம். போய்ச் சேர்ந்த மாமா வாங்கிக் கொடுத்தது. ஒருமுறை கதவிடுக்கில் மாட்டி ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். துணியில் நூலை இழுக்கிறதே என்று மிஷினில் உட்காரும்போது அதைக் கழற்றிக் குண்டூசி டப்பாவில் போடுவாள், வேலை முடிந்து எழுந்ததும் மாட்டிக்கொள்வாள். கழற்றுவதும் மாட்டுவதும் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

இனி வகுப்புக்கு வருவோம். டீச்சர் அன்றைக்குத் தனிமங்கள் பாடம் எடுத்தாள். மேசைமேல் ஓர் இரும்பு ஆணி, ஒரு செம்புக் கம்பி, கொஞ்சம் மஞ்சள் கந்தகப் பொடி, ஒரு துண்டுக் கரி. "இந்தக் கம்பியை வெட்டுங்க. வெட்டின துண்டை மறுபடி வெட்டுங்க. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெட்டிக்கிட்டே போனா, கடைசியில மிஞ்சுறது ஒரு செம்பு அணு. உள்ள வேற எதுவும் கிடையாது. ஒரே வகை அணுவால ஆனதுதான் தனிமம்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு வாயாடிப் பெண் எழுந்தாள். "தங்கம்கூட தனிமம்னு புத்தகத்துல போட்டிருக்கு டீச்சர். எங்களுக்கு மட்டும் ஆணியும் கரியுமா?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "நாளைக்குக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் காதில் கிடந்தது முலாம் பூசியது. வேறொருத்தியாக இருந்தால் அதையே காட்டிச் சமாளித்திருப்பாள், பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் இவள் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். முலாமைக் காட்டி "இது தனிமம்" என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. பாருங்கள், ஒரு சின்னப் பொய்க்குக் கூசியவள் எவ்வளவு பெரிய பொய்யில் போய் விழுந்தாள் என்று.

மறுநாள் காலை டீச்சர் கிளம்பும்போது அத்தை மிஷினில் இல்லை. தைத்ததைப் பாதியில் விட்டு எழுந்து, வாசலில் துணி கொண்டுவந்த யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். குண்டூசி டப்பா திறந்து கிடந்தது. டீச்சர் மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அத்தை, இதை எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லத்தான் நினைத்தாள். தெருமுனையில் பஸ் ஹார்ன் அடித்தது. சாயங்காலம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடினாள்.

தங்கத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அடுத்த வகுப்பு ஆய்வுக்கூடத்தில். தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்க்கிற பாடம். ஒரு பிள்ளையின் முழங்கை பட்டுப் பழைய தெர்மாமீட்டர் ஒன்று உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. உள்ளிருந்த பாதரசம் முத்து முத்தாகச் சிதறி ஓடியது.

"யாரும் தொடாதீங்க! எல்லாரும் வெளிய போங்க!" பிள்ளைகளை அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, கெட்டிக் காகிதத்தால் முத்துக்களைத் தள்ளித் தள்ளி ஒரு பாட்டிலில் சேர்த்தாள். செய்ததெல்லாம் சரிதான், ஒன்றைத் தவிர. விரலில் கிடந்ததை மறந்துவிட்டாள். ஒரு முத்து உருண்டு அவள் கைக்கடியில் போனது. நிமிர்ந்து பார்த்தபோது மோதிரம் வெளுத்துக்கொண்டிருந்தது. பதறிப்போய்த் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வெள்ளை பரவியதே தவிரப் போகவில்லை. கழற்றும்போது அது முழுக்க வெள்ளியாட்டம் இருந்தது.

பாதரசம் தங்கத்தைக் கண்டால் விடாது. தொட்ட இடத்தில் ஊறி ஒட்டிக்கொள்ளும். ஆனால் தங்கம் எங்கேயும் போய்விடுவதில்லை. அதன் அணுக்கள் அங்கேயே, தங்க அணுக்களாகவே இருக்கின்றன, பாதரசம் நடுவில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புகை வெளியேற வசதியுள்ள பட்டறையில் பக்குவமாகச் சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகி ஓடிவிடும். இதெல்லாம் டீச்சருக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. சரிசெய்துவிடலாம், சரிசெய்தபிறகு சொன்னால் போதும் என்று அந்தத் தெரிந்த புத்தி சொன்னது. மோதிரத்தை இன்னொரு சின்னப் பாட்டிலில் போட்டு இறுக மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தால் முன்னறை கலவரப்பட்டுக் கிடந்தது. மிஷின் நகர்த்தப்பட்டிருந்தது. துணி மூட்டைகள் பிரிந்து கிடந்தன. தரையில் விரித்த துணியில் குண்டூசிகளைக் கொட்டி அத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி நாத்தனார். டீச்சர் கணவனின் அக்கா அவள். ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஊரையே வரிசையில் நிற்க வைக்கிறவள். தம்பிகூட முதுகுக்குப் பின்னால் அவளை "ஆபீசர்" என்றுதான் சொல்வான்.

"எங்கயாவது வெச்சிருப்பேம்மா. வெச்சுட்டு மறந்திருப்பே," என்றாள் நாத்தனார்.

"டப்பாலதான்டி போட்டேன்."

"போட்டிருந்தா இருக்கணுமே? மோதிரத்துக்குக் கால் முளைச்சுதா? போன வாரம் பால் பொங்கி வழிஞ்சப்பவே நினைச்சேன்."

"பால் யாருக்கும் பொங்கும்டி!"

அத்தை தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள். "டீச்சரம்மா, காலையில கிளம்புறப்போ நீ பார்த்தியா?"

பை டீச்சரின் தோளில். பாட்டில் பைக்குள். "என்கிட்டதான் இருக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் நாத்தனார் நிற்கிறாள். சொன்னால் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் வெள்ளை மோதிரம். வேதியியல் படித்தவள் பாதரசத்தில் மோதிரத்தோடு கை வைத்தாள் என்று ஆஸ்பத்திரி வரிசையில் கடைசி ஆள்வரை தெரிந்துவிடும்.

"இல்லையே அத்தை," என்றாள்.

ஒரே ஒரு சொல்தான்.

அடுத்த நாளே பக்கத்தில் இருந்த ஒரு நகைப் பட்டறைக்குப் போனாள். "பாதரசமா? வேண்டாம்மா, இங்க புகை போக வழி இல்ல. என் நெஞ்சு தாங்காது" என்று அந்தப் பொற்கொல்லர் கும்பிடு போட்டார். வேறு இடம் விசாரிக்க வேண்டும். பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம் வேறு. நாள் ஓடியது.

அதற்குள் அத்தை கரைய ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் சத்தம் நின்றது. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெருக்கதை பேசுகிறவள் வாய் மூடிவிட்டாள். பிறகு டேப்புக்கு வேலை வந்தது. அளந்ததையே மறுபடி அளப்பாள். துணியில் சாக்பீஸ் கோடு போடுவாள், அழிப்பாள், பக்கத்தில் இன்னொரு கோடு போடுவாள். அப்படிப் போட்டதில் எந்தக் கோடு நிஜம் என்று குழம்பி ஒரு சட்டையின் தோளைக் குறைத்து வெட்டிவிட்டாள். அவ்வளவு காலத்தில் அவள் கத்தரி தப்பியது அதுதான் முதல் தடவை. வெட்டின துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேறென்ன கொடுப்பாள்? கொடுக்க வேண்டியது அலமாரியில் பாட்டிலுக்குள் இருந்தது.

"நீ நல்ல பொண்ணும்மா," என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைக் குடித்தாள் அத்தை. டீச்சர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பாட்டிலை ஒளித்து வைத்தால் சந்தேகம் வரும் என்று புத்தகங்களுக்கு நடுவில் பகிரங்கமாகவே வைத்திருந்தாள். ஒருநாள் சாக்பீஸ் கேட்டு வந்த அத்தை அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

"இதென்ன டீச்சரம்மா, பாட்டிலுக்குள்ள வெள்ளி மோதிரம்?"

"அது... ஸ்கூல் சாமான் அத்தை. திறக்காதீங்க, மருந்து பட்டது."

அத்தை பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மெல்லத் திருப்பினாள். தையற்காரியின் கண் அல்லவா, அது பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டது.

"நசுங்கல்கூட அதே இடத்துல இருக்கே," என்றாள்.

இப்போது கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம், கேட்டுவிடட்டும் என்று டீச்சர் மனசுக்குள் கெஞ்சினாள். ஆனால் அத்தை பாட்டிலை இருந்த இடத்தில் பதனமாக வைத்தாள்.

"பாரு என் கூத்தை. வெள்ளியைப் பார்த்தாக்கூட என் மோதிரமாத் தெரியுது. புத்தி பேதலிச்சுப் போச்சும்மா எனக்கு." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. வந்த வேலையை மறந்து, சாக்பீஸ் வாங்காமலே திரும்பிப் போனாள்.

சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள், கண்ணுகளா. சரியாகக் கண்டுபிடித்ததையே தன் புத்தி கெட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் டீச்சர் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் சும்மா இருப்பாளா? அடுத்த முறை வந்தபோது தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாள். அம்மா தன்னோடு வந்து இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். தனியாக அடுப்பும் கத்தரியும் ஊசியும் இனி வேண்டாம். மிஷினை விற்றுவிடலாம், பழைய மிஷின் வாங்குகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவார். தம்பிக்காரன் ஏதோ முனகினான். அத்தை முனகக்கூட இல்லை. "நீங்க சொன்னாச் சரிதான். என்னை நானே நம்ப முடியல," என்றாள்.

டீச்சர் மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனாள். அங்கே ஒரு பட்டறையில் கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேல் புகையை இழுத்துக் கூரைக்கு வெளியே தள்ளும் குழாய் எல்லாம் இருந்தன. பொற்கொல்லர் பாட்டிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"அடடா, என்னத்தைக் கண்டு இது இப்படி வெளுத்துப் போச்சும்மா?"

"பாதரசம் பட்டுடுச்சுங்க. தங்கம் வந்துடுமா?"

"எங்க போச்சு, வர்றதுக்கு? உள்ளதான் இருக்கு."

பெட்டிக்குள் நிதானமாகச் சூடு காட்டினார். பாதரசம் விட்டுப் போனது. பளபளப்பு இல்லாமல், சொரசொரப்பாக, செத்த மஞ்சளில் ஒரு வளையம் மிஞ்சியது. அதைத் தேய்த்து மெருகேற்றினார். பழைய மஞ்சள் திரும்ப வந்தது. நசுங்கல் மட்டும் அப்படியே. உள்ளங்கையில் வாங்கிக்கொண்டபோது டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை குளிக்கப் போயிருந்த சமயம், டீச்சர் அந்த மோதிரத்தைக் குண்டூசி டப்பாவுக்குள் அடியில் அழுத்தி வைத்தாள். அகப்படட்டும், எல்லோரும் சிரிக்கட்டும், மிஷின்காரர் வந்த வழியே போகட்டும். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மிஷின்காரர் வந்தார். பின்னாலேயே ஆபீசர். "சாமானையெல்லாம் எடுத்துடும்மா, அவர் தூக்கணும்" என்றாள். அத்தை டப்பாவை எடுத்துத் துணியில் கவிழ்த்தாள். ஊசிகளுக்கு நடுவே மோதிரம் விழுந்தது.

"அட! இருக்கு பாரு!" தம்பிக்காரன் குதித்தான். நாத்தனார் கன்னத்தில் கை வைத்தாள். "நான் சொல்லலே? இங்கயேதான் இருந்திருக்கு!"

டீச்சர் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தோஷம் இல்லை. ரத்தம் வடிந்த மாதிரி இருந்தது.

"இந்த டப்பாவை நான் கொட்டிப் பார்த்தேனே," என்றாள் அத்தை, யாரிடமோ சொல்வது போல. "ஒவ்வொரு ஊசியாத் தள்ளிப் பார்த்தேன். அப்புறம் தினமும் பார்த்தேன். இருந்திருக்கு. இருந்தும் என் கண்ணுக்குத் தெரியல." மோதிரத்தை மாட்டிக்கொள்ளாமல் மகள் கையில் வைத்தாள். "நீயே வெச்சுக்கோ. இன்னைக்கு மோதிரம், நாளைக்கு அடுப்பு எரியுறது கண்ணுக்குத் தெரியாமப் போகும். தூக்குப்பா மிஷினை."

மிஷின்காரர் குனிந்து தோள் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மோதிரத்தைத் தான் திருட்டுத்தனமாகத் திருப்பி வைத்ததில்தான் அடி முழுசாக விழுந்திருக்கிறது என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, அதுல மோதிரம் இல்ல," என்றாள். "நீங்க கொட்டிப் பார்த்தப்போ அதுல இல்ல. தினமும் பார்த்தப்பவும் இல்ல. இன்னைக்குக் காலையிலதான் நான் போட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி பெஞ்சுப் பெண், பஸ், பாதரசம், பட்டறை. கணவன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். நாத்தனார் வாயைத் திறந்தாள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தப் பாட்டில்ல இருந்தது?"

"இதேதான் அத்தை."

"நசுங்கல்?"

"இதே நசுங்கல்தான்."

"அப்போ நான் பார்த்தது சரி." மகள் கையிலிருந்த மோதிரத்தை வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "நான் பார்த்தது சரிடி," என்று மகளிடம் ஒருமுறை சொன்னாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, தூக்கவா, இறக்கவா? தோள் கழண்டுடும் போல இருக்கு," என்றார் மிஷின்காரர்.

"இறக்குப்பா. சுளுக்கிக்கப் போகுது." அவர் இறக்கி வைத்ததும், மிஷின் பழைய இடத்தில் இல்லை என்று இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"துணியை மடியில வெச்சுட்டு அழுதப்போ நீ தண்ணி கொண்டுவந்து கொடுத்தியே. அப்பவும் அந்தப் பாட்டில் உன்கிட்டதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை."

"ம்."

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் டீச்சர் காலில் விழுந்திருப்பாள். அந்த "ம்" காலைக்கூட நீட்டவில்லை.

நாத்தனார்தான் பிறகு வந்து வந்து திட்டினாள், தவணை முறையில். டீச்சர் ஒவ்வொன்றையும் நின்று கேட்டுக்கொண்டாள். அத்தை பல நாள் மருமகளோடு பேசவில்லை. வெட்டிக் கெடுத்த சட்டைக்குத் தன் துணியில் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள். வாசலில் நிற்கிற பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்தாள், அளவு சொன்னாள், ஆனால் சொன்ன பிறகு டேப்பை எடுத்து ஒருமுறை அளந்தும் பார்த்தாள். முன்பெல்லாம் அளக்க மாட்டாள். டீச்சர் அறைக்குள்ளிருந்து அந்த டேப் சரசரக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தாள் திருத்துவாள்.

பள்ளியில் அடுத்த பாடம் கலவையும் சேர்மமும். உப்பையும் மணலையும் கலந்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கொதிக்க வைத்து, உப்பைத் திரும்ப எடுத்துக் காட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். "எதைக் கலந்தாலும் பிரிச்சுடலாமா டீச்சர்?" என்று அதே வாயாடி கேட்டாள். டீச்சர் உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையும் இவ்வளவு சுலபமா முடியாதும்மா," என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை மிஷினில் உட்காரப் போனாள். விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினாள். டப்பாவில் போடாமல், தூக்கிப் பிடித்தாள்.

"டீச்சரம்மா."

அத்தனை நாளுக்குப் பிறகு அந்த அழைப்பு. டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பார்த்துக்கோ. இங்கதான் போடுறேன்."

டப்பாவுக்குள் மோதிரம் விழுந்து கிண்ணென்றது.

"பார்த்தேன் அத்தை."

அன்றிலிருந்து தினமும் அது நடக்கிறது. சாவியை ஆணியில் மாட்டும்போது, அடுப்பை அணைக்கும்போது, கத்தரியை மூடி வைக்கும்போது, அத்தை குரல் கொடுப்பாள், "பார்த்துக்கோ." எந்த வேலையில் இருந்தாலும் டீச்சர் எழுந்து வந்து, தன் கண்ணால் பார்த்து, "பார்த்தேன் அத்தை" என்பாள். அத்தை தலையாட்டிவிட்டுத் தைக்கத் தொடங்குவாள். அது தண்டனையா, சமாதானமா என்று டீச்சர் கேட்டதில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.